மணிக்கூண்டுக்குப் பதினொரு சீட்டு

முப்பத்தொரு கோரிக்கைகளையும் மூன்றாகக் குறைத்து அனுப்பச் சொல்லி சட்டசபை உறுப்பினரின் செயலாளர் தொலைபேசியில் கட்டளையிட்டபோது, மினிட்ஸ் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காதில் விழுந்ததை நம்ப முடியாவிட்டாலும் அவள் கண்ணாடியைத்தான் துடைப்பாள்.

“மூணா சார்?”

“மூணு. மூணே மூணு. நாலாவதா ஒரு வரி இருந்தாலும் கட்டோட திருப்பி அனுப்பிடுவேன். போன வருஷம் நீங்க அனுப்பினது பதினொரு பக்கம். அதை யாரு உக்காந்து படிக்கிறது? அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தபால்ல சேர்த்திருக்கணும்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியை யாரும் பார்த்ததுகூட இல்லை. பத்தொன்பது வருடமாகப் பூசாரியின் குரல்தான்.

நகர மன்றக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதுவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். பதினைந்து உறுப்பினர்கள் பேசுவார்கள், அவள் எழுதுவாள். அந்த அறையில் வாயைத் திறக்க உரிமை இல்லாத ஒரே ஆள் அவள்தான். வருடத்துக்கு ஒருமுறை, சட்டசபை கூடுவதற்கு முன்னால், எங்கள் ஊருக்கு இதையெல்லாம் கேட்டு வாங்கிக் கொடுங்கள் என்று மன்றம் ஒரு பட்டியல் அனுப்பும். அதைத் தட்டச்சு செய்வதும் அவள்தான்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியலில் ஏறிய கோரிக்கை இறங்காது. இறக்கினால், கொண்டுவந்த உறுப்பினருக்கு அவமானம் என்று யாரும் அதைத் தொடமாட்டார்கள். பழைய சந்தைக் கட்டடத்துக்குக் கூரை வேண்டும் என்பது ஒன்பதாவது கோரிக்கை. சந்தையை இடித்து ஆறு வருடமாகிறது. கால்நடை மருத்துவர் வேண்டும் என்பது பதினாலாவது. மருத்துவர் வந்தார், இருந்தார், ஓய்வுபெற்றும் போய்விட்டார். கோரிக்கை மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

இருபத்தேழாவது கோரிக்கை அவளுடையது. அப்படிச் சொல்லக்கூடாது, ஆனால் அவளுடையதுதான். ‘நகர மருத்துவமனைக்கு இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள்.’ இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓய்வுபெற்ற நர்சான பெண் உறுப்பினரைக் குழாயடியில் நிறுத்தி, கெஞ்சாத குறையாகச் சொல்லி, அவர் வாயால் மன்றத்தில் கேட்கவைத்தாள். மருத்துவமனையின் பின்பக்கம் அதற்கான அறைகூடத் தயாராக இருந்தது. தண்ணீர்க் குழாய் இழுத்தாகிவிட்டது, தரையில் ஓடு பதித்தாகிவிட்டது. இயந்திரம் மட்டும் மேலிடத்திலிருந்து வரவேண்டும். அதுவரை அந்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அவளுடைய நாத்தனாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

*

நாத்தனார் பள்ளிச் சீருடை தைப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அண்ணன், அதாவது மினிட்ஸ் அக்காவின் கணவன், லாரி ஓட்டப் போய்விடுவான். மாதத்தில் இருபது நாள் அந்த வீட்டில் இரண்டு பெண்கள்தான். முதல் பத்து வருடம் இருவரும் எலியும் பூனையும். உப்பு கூடினால் சண்டை, துணி காயப்போட்ட கயிறு தொய்ந்தால் சண்டை. உடம்புக்கு வந்தபிறகு சண்டை நின்றுவிடவில்லை. சண்டை போடும் விஷயங்கள் மாறிவிட்டன.

“இன்னிக்கு எத்தனை டம்ளர் குடிச்ச?”

“நீ எழுதி வச்சிருப்பியே அண்ணி. நான் மூச்சு விட்டாலும் மினிட்ஸ் எழுதற ஆளாச்சே.”

ஒரு நாளைக்கு அவள் குடிக்கக்கூடிய தண்ணீர் ஒரு பாட்டிலில் கோடு போட்டு ஜன்னலோரம் வைக்கப்பட்டிருக்கும். கோடைக்காலத்தில் அந்தப் பாட்டிலை அவள் பார்க்கிற பார்வையைப் பார்க்க முடியாது. இடது கையில் ஊசி குத்துகிற இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. தொட்டால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. அதனால் துணிக்கட்டு எடுப்பது நின்றது. பிறகு தையலே பாதியானது.

செவ்வாயும் சனியும் பெரிய நகரத்துக்குப் போகவேண்டும். விடிவதற்கு முன் பஸ், போக இரண்டரை மணி நேரம், இயந்திரத்தில் நாலு மணி நேரம், வர இரண்டரை. சனிக்கிழமை மினிட்ஸ் அக்கா கூடப் போவாள். செவ்வாய்க்கிழமை நாத்தனார் தனியாகப் போவாள். திரும்பி வரும்போது கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொள்ளும். சட்டென்று ரத்த அழுத்தம் இறங்கிவிடும். ஒருமுறை நடத்துநர் அவளைக் கீழே இறக்கி, பஸ் நிலையத்து பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு ஆள் அனுப்பினார்.

மூன்று கோரிக்கை என்ற செய்தியைக் கேட்டதும் நாத்தனார், “கழுதை தேஞ்சு கட்டெறும்பாச்சா?” என்றாள். பிறகு தையல் இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். “நம்மது அந்த மூணுல வருமா?”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா என்ன அர்த்தம்?”

“பாக்கலாம்னா பாக்கலாம்தான்.”

*

மூன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொன்னவள் மினிட்ஸ் அக்காதான். பேச உரிமை இல்லாவிட்டாலும், கூட்டத்துக்கு முன்னால் தலைவரின் அறையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது சொல்லலாம்.

போன வருடம், பட்டியலில் எது முக்கியம் என்று குறிப்பதற்காக, சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் எல்லோர் முன்னாலும் தங்களுக்குப் பிடித்த கோரிக்கைக்கு எதிரே புள்ளி வைத்தார்கள். மணிக்கூண்டுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. அதைக் கொண்டுவந்தவர் மன்றத்திலேயே வயதானவர், பஸ் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எல்லோர் முன்னாலும் தன் கோரிக்கைக்குத் தானே புள்ளி வைக்க அவருக்குக் கூச்சம். ஊர் நடுவே நிற்கும் மணிக்கூண்டின் கடிகாரத்தைப் பழுது பார்க்க வேண்டும் என்பது ஒன்பது வருடமாக அவர் கேட்டுவருவது. கட்டடம் மாநிலத் தொல்பொருள் துறையுடையது. மன்றம் ஒரு ஆணி அடிக்கக்கூட முடியாது. போன வருடம் அந்த வெற்றுக் கட்டத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டார், தேநீரைத் தொடாமல் போய்விட்டார். அந்த டம்ளரைக் கழுவியவள் மினிட்ஸ் அக்கா.

“இந்தத் தடவை ரகசியமா வச்சுக்கலாம் தலைவரே” என்றாள். “முப்பத்தொரு கவரைச் சுவத்துல வரிசையா ஒட்டி, நம்பர் போட்டுடறேன். ஆளுக்கு மூணு சீட்டு. ஒரு கவர்ல ஒண்ணுதான் போடலாம். ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் போட்டுட்டு வரட்டும்.”

தலைவர் பெயின்ட் கடைக்காரர். நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அன்றைக்குப் பச்சை. “நல்ல யோசனைதான் அக்கா. யாரும் யாரையும் மொறைக்க முடியாது” என்றார்.

அவளுடைய யோசனைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சுற்றுச்சாலை வேண்டும் என்பது தலைவரின் கோரிக்கை. தலைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பலர் அதற்குத்தான் புள்ளி வைப்பார்கள். யாரும் பார்க்காவிட்டால் மருத்துவமனைக்குப் போடுவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பேக்கரி நடத்தும் உறுப்பினர் கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கையெழுத்துப் போட வந்தபோது, “டைம்கீப்பர் ஐயாவுக்கு இந்தத் தடவையும் ஒண்ணுமில்லேன்னா பாவம். உங்க மூணாவது சீட்டை அவருக்குப் போட்டுடுங்க” என்று சொல்லிவைத்தாள். ஒருவரிடம்தான் சொன்னாள். ஒரே ஒருவரிடம்.

*

திங்கட்கிழமை கூட்டம். கவர்களைத் தலைவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் எழுதினாள்.

தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்கு எட்டு. சுற்றுச்சாலைக்கு ஒன்பது. இடித்த சந்தையின் கூரைக்குக்கூட ஒன்று. யார் போட்டார்களோ, பழக்க தோஷம். இருபத்தேழாவது கவரைப் பிரித்தபோது அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஏழு. பேனாவை அழுத்தி எழுதினாள். ஏழு என்றால் மூன்றாவது இடம்.

கடைசி நாலு கவர்கள் இருந்தன. முப்பதாவது மணிக்கூண்டு. தலைவர் கையை உள்ளே விட்டார், எடுத்தார், மேஜைமேல் கொட்டினார். எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“பதினொண்ணு” என்றார்.

 ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். நர்சம்மா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். மூன்றாவது வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

“நான் ஒண்ணுதான்யா போட்டேன். பாவம், பூஜ்யமா இருக்குமேன்னு.”

“நானும் அதுக்குத்தான்யா போட்டேன். நீ போடுவேன்னு எனக்கு என்ன தெரியும்?”

ஒப்புக்குப் போட்ட சீட்டுதான் பத்தும். பேக்கரிக்காரரைத் தவிர யாரிடமும் யாரும் சொல்லிவைக்கவில்லை. எல்லோர் மனதிலும் அந்தத் தேநீர் டம்ளர் இருந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் அது உறுத்தியது என்று அவள் நினைத்ததுதான் தப்பு.

டைம்கீப்பர் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, காலர்வரை பொத்தான். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “நான் போட்டது ஒண்ணு” என்றார். “மிச்சம் பத்து.”  உட்கார்ந்துவிட்டார். பிறகு தேநீரைக் குடித்தார். அடிவரை குடித்தார்.

மணிக்கூண்டு, சுற்றுச்சாலை, குடிநீர். மருத்துவமனை நாலாவது. மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது என்று அவள் எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வந்துச்சா?”

“இன்னும் முடிவாகல. வெள்ளிக்கிழமைதான் தெரியும்.”

*

செவ்வாய்க்கிழமை பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். மினிட்ஸ் அக்கா அலுவலகத்திலிருந்து நேராகப் பஸ் நிலையத்துக்கு வந்து காத்திருந்தாள். நாத்தனார் கடைசியாக இறங்கினாள், படியில் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு, குழந்தை இறங்குவதுபோல. முகம் சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்திருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.  பிறகு நாத்தனார் ரொம்பச் சாதாரணமாக, நாளைக்கு வெங்காயம் வாங்கவேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

“சனிக்கிழமை நான் வரல அண்ணி.”

“ஏன், ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. போதும். பஸ்ஸுல அந்தப் பாலத்து மேல வரும்போது ஒரு குலுக்கு குலுக்குதே, அது இன்னிக்கு எனக்கு எலும்புவரைக்கும் வந்துச்சு. இதுக்கு மேல என்னால ஆகாது.”

“போகாம இருந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியாமயா சொல்றேன்? எனக்கு நீ வகுப்பெடுக்காத.” கண்ணை மூடிக்கொண்டாள். “அந்த மிஷின் நம்ம ஊருக்கு வரப்போகுதுன்னு சொல்லு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. நடந்தே போயிட்டு நடந்தே வந்துடலாம்னு ஒரு நெனப்பு இருந்தா ஆளு தாங்கும். அது இல்லேன்னா என்னை விட்டுடு. உங்கண்ணன் மாதிரி நீயும் போட்டுப் புடுங்காத.”

“எனக்கு அண்ணன் கெடையாது. அவரு உன் அண்ணன்.”

“அவன் உனக்குப் புருஷன்தானே, அதைவிட மோசம்.”

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

*

புதன்கிழமை காலை தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். “அக்கா, நீங்க போய் டைம்கீப்பர்கிட்ட நயமா சொல்லுங்க. அவரா வாபஸ் வாங்கினாத்தான் மரியாதை. ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். மணிக்கூண்டை முதல்ல போட்டு அனுப்பினா அந்தச் செயலாளர் நம்மளைப் பத்தி என்ன நெனப்பான்?”

“சுத்துச்சாலையை வாபஸ் வாங்கிட்டாலும் நாலாவது மேல வந்துடும் தலைவரே.”

தலைவர் அவளைப் பார்த்துவிட்டு நகத்திலிருந்த பெயின்டைச் சுரண்டினார். “அது ஒம்போது ஓட்டு அக்கா. நெசமான ஓட்டு.”

டைம்கீப்பரின் வீடு மாடியில். மகனும் மருமகளும் கீழே. மருமகள்தான் கதவைத் திறந்தாள். “மேல போங்க. ரெண்டு நாளா மாமாவுக்குக் கால் தரையில இல்ல” என்றாள். அதில் கிண்டல் பாதி, ஆச்சரியம் பாதி.

அவர் ஒரு தாளில் கடிகாரத்தின் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். முள்ளுக்கு என்ன நீளம், எந்தப் பக்கம் முதலில் சாரம் கட்டவேண்டும் என்றெல்லாம் குறிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, சேலை நுனியைச் சரிசெய்து, தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்து முடித்தபிறகு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

“ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தச் சீட்டுங்க…”

“மரியாதைக்குப் போட்டது. அதானே?” என்றார் அவர்.

அவள் தாளில் இருந்த கடிகார முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்மா. முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஸ்டாண்டுல நின்னவன். பஸ்ஸைத் தவறவிட்டவன் மொகம் எது, வேணும்னே விட்டவன் மொகம் எதுன்னு தெரியாதா எனக்கு? பதினொண்ணுன்னு சொன்னதும் ஒருத்தன் மொகத்துலயாவது சந்தோஷம் இருந்துச்சா? எல்லாம் திருடன் முழி முழிச்சான்.” பென்சிலைக் கீழே வைத்தார். “தெரிஞ்சுதான் சந்தோஷமா இருக்கேன். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“எங்களுக்கு நஷ்டம்யா” என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் மன்ற விஷயத்தில் அவள் ‘எங்களுக்கு’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலில் போட்ட கோடு, பாலத்துக் குலுக்கல், சனிக்கிழமை வரமாட்டேன் என்றது. சொல்லச் சொல்ல, யாரோ பேசியதை வாசித்துக்காட்டுவதுபோல அவள் குரல் தட்டையாகவே இருந்தது.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஜன்னல் வழியாக மணிக்கூண்டின் பாதி தெரிந்தது. அதன் முகத்தில் ஒரு முள் மட்டும் இருந்தது.

“கஷ்டம்தான்” என்றார். “அந்தப் பொண்ணு செவ்வாய்க்கிழமை பஸ்ஸுல போறதைப் பாத்திருக்கேன். என்ன விஷயம்னு தெரியாது.” கொஞ்சம் யோசித்தார். “கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. பத்தொம்போது வருஷமா நீதான் டைப் அடிக்கிற. பட்டியல்ல போனது எது நடந்திருக்கு?”

அவள் யோசித்தாள். “கிழக்குப் பக்கம் பஸ் நிழற்குடை.”

“அதுக்கு இருக்கை போட்டாங்களா?”

“இல்லை.”

“வேற?”

“ஊர் எல்லையில பேர்ப்பலகை.”

“ரெண்டு. பத்தொம்போது வருஷத்துல ரெண்டு.” குரலில் கோபமில்லை. பஸ் நேரம் அறிவிக்கிறமாதிரி சொன்னார். “உன் மிஷினும் வராது, என் கடிகாரமும் ஓடாது. உனக்கும் தெரியும். உனக்கு வேண்டியதும் பட்டியல்தான், எனக்கு வேண்டியதும் பட்டியல்தான். ஒம்போது வருஷமா கேக்கறேன். போன வருஷம் அப்படி எந்திரிச்சு வந்தேன், ஏன்யா போயிட்டேன்னு ஒருத்தர் வீடு தேடி வரல. இன்னிக்கு நீ வந்திருக்க. என்ன சொல்ல வந்திருக்க? எடுத்துடுன்னு.”

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“எழுதித் தரமாட்டேன்மா. என்னைப் பொல்லாத கிழவன்னு நெனச்சுக்க. வெள்ளிக்கிழமை பட்டியல்ல எனக்கு ஒரு காப்பி வேணும். நானே வந்து வாங்கிக்கறேன்.”

படியிறங்கும்போது அவளுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று இருந்தது. கோபம் இருந்தால் நடக்கச் சுலபமாக இருக்கும். பாதி வழிவரை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பேக்கரியைத் தாண்டும்போது அந்த உறுப்பினர் கடைக்குள்ளிருந்து கையைத் தூக்கினார். “உங்க பேச்சைக் கேட்டுத்தானே போட்டேன் அக்கா. இல்லேன்னா மூணாவதை ஆஸ்பத்திரிக்குத்தான் வச்சிருந்தேன்” என்றார். மருத்துவமனைக்கு எட்டு ஆகியிருக்கும். குடிநீருக்குச் சமம். சமம் என்றால் பேச்சு வந்திருக்கும். பேச்சு வந்தால் நர்சம்மா விட்டிருக்கமாட்டார்.

“பரவாயில்ல விடுங்க” என்றாள்.

*

வியாழக்கிழமை தலைவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். அவருக்கும் அலுத்துவிட்டது. கடையில் சரக்கு இறக்க ஆள் வரவில்லை, வீட்டில் மாமியாருக்குக் கண் அறுவை, இதற்கு நடுவில் மணிக்கூண்டு.

“கல்லுல நார் உரிக்க முடியுமா? விடுங்க” என்றார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நீங்க அடிச்சுக் கொண்டுவாங்க, நான் கையெழுத்துப் போடறேன். நான் எதையும் படிச்சுப் பாத்தா கையெழுத்துப் போடறேன்? பத்தொம்போது வருஷத்துல நீங்க அடிச்சதுல ஒரு எழுத்துப் பிழை கெடையாது. ஒரு தடவை கை தவறினா ஒண்ணும் குடி முழுகிடாது.”

“கை தவறினா யாரு பேரு கெடும் தலைவரே?”

“கையோட பேருதான்” என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, தட்டச்சுக்கு உட்கார்ந்தாள். முதலில் சரியான பட்டியலை அடித்தாள். ஒன்று, மணிக்கூண்டுக் கடிகாரம் பழுதுபார்த்தல். இரண்டு, சுற்றுச்சாலை. மூன்று, குடிநீர்க் குழாய்கள். அச்சு எடுத்தாள். அதை எதிரே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். தப்பில்லாத பட்டியல். மூன்று வரி, இவ்வளவு வெள்ளைத் தாள்.

பிறகு முதல் வரியை அழித்தாள். இரண்டை ஒன்றாக்கினாள், மூன்றை இரண்டாக்கினாள். மூன்றாவதாக, ‘நகர மருத்துவமனைக்கு இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள்’ என்று அடித்தாள். இரண்டு வருடமாக அடித்த வரி. கை தானாக அடித்தது. தவறவில்லை. ஒரு எழுத்தும் தவறவில்லை.

தலைவர் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு செயலாளருக்கு. ஒண்ணு டைம்கீப்பர் ஐயாவுக்கு.”

அவர் பேனாவை மூடினார். இரண்டு தாளையும் பார்க்காமலே அவள் பக்கம் தள்ளினார். பார்க்காமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் தெரிந்தது.

மருத்துவமனை வரி இருந்த தாள் செயலாளருக்கான கவரில் மூன்று மணித் தபாலில் போய்விட்டது. தீர்மானப் புத்தகத்தில் மணிக்கூண்டுக்குப் பதினொன்று என்றே இருந்தது. அதை அவள் தொடவில்லை. யாரும் அதைத் திறந்து பார்ப்பதுமில்லை.

நாலு மணிக்கு டைம்கீப்பர் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. மணிக்கூண்டு முதலில் இருந்த தாளை நீட்டினாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. முடித்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். பஸ்ஸைத் தவறவிட்டவனையும் வேண்டுமென்றே விட்டவனையும் பிரித்தறிந்த கண். அவள் மேஜைமேல் இருந்த பேனாவை இடமிருந்து வலமாக நகர்த்தி வைத்தாள்.

“அனுப்பியாச்சா?”

“மூணு மணித் தபால்ல போயிடுச்சுய்யா.”

“இதுல சீல் இல்லையேம்மா” என்றார்.

மன்றத்தின் முத்திரை செயலாளருக்குப் போன தாளில் இருந்தது. இதில் வேண்டாம் என்று விட்டிருந்தாள். கையெழுத்தோடு நின்றால் கொஞ்சம் குறைந்த பொய்யாக இருக்கும் என்று ஏதோ ஒரு நினைப்பு.

“ஊர்ல நாலு பேருகிட்ட காட்டறது. சீல் இல்லாம காட்டினா, நீயே எழுதிக்கிட்டியான்னு கேப்பான்.” தாளை மேஜைமேல் வைத்து, முனை மடங்காமல் விரலால் நீவிவிட்டார். “வையும்மா.”

இழுப்பறையைத் திறந்தாள். மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. இரண்டு சொட்டு விட்டு, முத்திரையை அழுத்தி எடுத்து, தலைவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் அமுக்கினாள். தெளிவாக விழுந்தது. மை காயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நாளைக்குச் சனிக்கிழமையில்ல” என்றார் கதவருகே நின்று. “காலை மொதல் பஸ்ஸுல நடுவுல, வலது பக்கம் உக்காருங்க. சக்கரத்துக்கு மேல உக்காந்தாத்தான் பாலத்துல தூக்கிப் போடும்.”

அவர் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை அவள் உட்காரவில்லை.

வீட்டில் நாத்தனார் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கான பை எடுத்து வைக்கப்படவில்லை. போர்வை, மாற்றுத் துணி, மருந்துச் சீட்டு எல்லாம் அலமாரியிலேயே இருந்தன.

“சொல்லு” என்றாள்.

“வந்துடுச்சு.”

“எத்தனாவது?”

“மூணாவது.”

நாத்தனார் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். “எப்படி வந்துச்சு? நெசமாவே எண்ணித்தான் வந்துச்சா?”

“எண்ணித்தான் வந்துச்சு.”

“சத்தியமா?”

“பட்டியல் என் கையால அடிச்சதுடி. எனக்குத் தெரியாதா?”

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியைத் திறந்து போர்வையை எடுத்தாள். அதை மடிக்க இடது கை ஒத்துழைக்கவில்லை. மினிட்ஸ் அக்கா போய் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் நடுவில் வந்து, முனையோடு முனை சேர்த்து, பின்னால் போய், மறுபடி நடுவில் வந்தார்கள்.

“ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா?” என்றாள் நாத்தனார்.

“எது?”

“மிஷின்.”

“எழுதிக் கேட்டிருக்கு. அவங்க சொல்லணும்.”

“சரி” என்றாள் நாத்தனார். போர்வையைப் பையில் வைத்தாள். “காலையில சீக்கிரம் எழுப்பு. ஒரு நாளாவது நான் உங்கிட்ட கத்தாம கெளம்பணும்.”